கோட்டாட்சியர் மேசையில் ஒரு விசாரணை: மலையூரும் சமூக விரோதச் செயல்களுக்கான சட்டமும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலை ஏறினால் பாச்சலூர். காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் ஊர். நிர்வாகத்தில் இது கொடைக்கானல் வட்டம். காவல் நிலையம் போக வேண்டுமானால் தாண்டிக்குடி. கோட்டாட்சியரைப் பார்க்கவும் முன்சீப் கோர்ட்டுக்குப் போகவும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை தாண்டிக் கொடைக்கானல். கலெக்டரும் எஸ்பியும் திண்டுக்கல்லில். உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. தோட்டத்துக் கூலிக்குப் போகிறவருக்கு இதில் எந்தப் பயணமும் அன்றைய கூலியைத் தின்றுவிடும். சமூக விரோதச் செயல்களுக்கு என்ன சட்ட நிவாரணம் என்று கேட்கிறவர் முதலில் இந்த முகவரிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் சட்டப்பிரிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பிரிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதை எழுப்ப எத்தனை முறை மலை இறங்க வேண்டும் என்பதில்தான் நியாயம் நிற்கிறது.

2021 டிசம்பரில் ஒரு பள்ளிச் சிறுமியின் மரணத்தால் பாச்சலூரின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. வழக்கு சிபிசிஐடி வரை போனது. அந்தக் குழந்தையின் மரணம் தனியே, முழுப் பொறுப்போடு எழுதப்பட வேண்டியது. இந்தக் கட்டுரைக்குள் அதை இழுக்க எனக்கு மனமில்லை. நான் எடுத்துக்கொள்வது தனிப்படையோ சிபிசிஐடியோ ஒருநாளும் வராத விஷயத்தை.

எந்த மலையூருக்கும் பொருந்தும் ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். மலையில் இருட்டு சீக்கிரம் இறங்கும். ஊர் முகப்பில் ஒரு பயணியர் நிழற்குடை. ஆறு மணிக்கு மேல் அங்கே நாலைந்து பேர் பாட்டிலோடு உட்கார்கிறார்கள். கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கிறார்கள். விடிந்தால் சிமெண்டுத் திண்ணையில் நொறுங்கிய கண்ணாடி, பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் உறை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிழற்குடைக்கு வெளியே மழையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். யாருக்கும் ரத்தக்காயம் இல்லை, எதுவும் களவு போகவில்லை. புகார் சொன்னால் போலீஸ் ஒரு நாள் வந்து விரட்டுகிறது. மூன்றாம் நாள் பழைய கதை. ஊருக்கு யாரையும் சிறையில் தள்ள ஆசையில்லை. அந்தப் பையன்களும் ஊர்ப் பையன்கள்தான். ஊர் கேட்பது ஒன்றே ஒன்று: இது நிற்க வேண்டும்.

இந்த ஒரு வேண்டுகோளுக்கு நம் சட்டம் தரும் பதில்கள் எவை, அவற்றில் எது இந்த நிழற்குடைக்குப் பொருந்தும் என்பதே என் கேள்வி.

சொல்லின் வரலாறு

'சமூக விரோதி' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த சூட்டில் 13 பேர் இறந்தார்கள். போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்பதே அப்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட விளக்கம். 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோதும் இதே சொல்தான் வந்தது. வீட்டு வாசலில் குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிறவனுக்கும் நிலத்தைக் காக்கத் தெருவுக்கு வந்தவனுக்கும் ஒரே பெயர் வைக்கப்படும் நாட்டில், அந்தப் பெயரை நம்பி ஒரு சட்டத்தைக் கையில் எடுப்பது ஆபத்து.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு சட்ட வரையறை தந்தார்கள். 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம், பிறருக்குத் தொல்லை, அச்சம், மனவேதனை தரும் நடத்தை என்று வகுத்து, அப்படி நடப்பவர்மீது சிவில் தடையாணை போட வழி செய்தது. ஆணையை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. உத்தரவு சிவில், மீறல் கிரிமினல். இந்த இரட்டை வேடம் பெரும் விவாதமானது. 2002இல் பிரபுக்கள் சபை, நடவடிக்கை சிவில் வகையே என்றாலும் குற்றச்சாட்டை நிரூபிக்கக் கிரிமினல் வழக்குக்குரிய உறுதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014இல் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்த ஆணையையே மாற்றிவிட்டார்கள். அந்தப் புதுச் சட்டத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பலமுறை புகார் கொடுத்தும் பலனில்லை என்றால், அந்தப் புகார்களை அதிகாரிகள் ஒன்றாக உட்கார்ந்து மறுஆய்வு செய்யும்படி கேட்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே அது தந்தது.

நம்மிடம் அந்தப் பெயரில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் அதே இரட்டை வேடமுள்ள ஏற்பாடு நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது.

பெட்டி கேஸ்

முதலில் எளிய பதில். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது 355ஆம் பிரிவு. 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பொதுத் தொல்லைக்கு 292ஆம் பிரிவு, 1,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாயாக இருந்தது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதும் பாடுவதும் 296ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்குரியது. பெண்களைத் தொல்லைப்படுத்தினால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான தொல்லைத் தடைச் சட்டம் தனியே இருக்கிறது. சென்னைக் கல்லூரி மாணவி ஒருவரின் மரணத்துக்குப் பின் பிறந்த சட்டம் அது. பளியர் போன்ற பழங்குடியினரைச் சாதி சொல்லி அவமதித்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஒலிபெருக்கித் தொல்லைக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்.

சமூக சேவை என்ற தண்டனையை நான் மனமார வரவேற்கிறேன். நிழற்குடையில் பாட்டிலை உடைத்தவனை அதே நிழற்குடையைக் கூட்டச் சொல்ல இப்போது ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வர வழக்கு கோர்ட்டுக்குப் போக வேண்டும். 292உம் 355உம் போலீஸ் தானாக எடுத்து விசாரிக்க முடியாத குற்றங்கள். அவற்றைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு. அப்படிக் குறித்தவற்றின் அறிக்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்த நல்ல வரி. ஊரில் நடப்பது என்ன? ஒரு மனு ரசீது போட்டுத் தருவார்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, இனித் தகராறு செய்ய மாட்டேன் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எந்த வலுவும் கிடையாது. அதை மீறினால் எந்தப் பிரிவும் பாயாது. ஆனால் ஊர் அதை நம்பிக்கொண்டு வீடு திரும்புகிறது.

பழைய பிரிவுகள், பழைய காயம்

அந்த வெள்ளைத் தாளுக்குச் சட்டம் வைத்திருக்கும் முறையான வடிவம்தான் பிணைமுறி. 'நூத்தியேழு போட்டிருக்காங்க', 'நூத்திப்பத்துல பாண்டு வாங்கிட்டாங்க' என்று திண்டுக்கல் மாவட்டத்தில் யாரும் சொல்லக் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இப்போது 126. அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று தகவல் வந்தால், ஓராண்டு வரை ஒழுங்காக இருப்பேன் என்று பிணைமுறி எழுதித் தரச் சொல்லலாம். 110 இப்போது 129. அது வழக்கமாகக் குற்றம் செய்பவர்களுக்கு; காலம் மூன்றாண்டு வரை. இரண்டையும் நடத்துபவர் நிர்வாக நடுவர். நம் மலைக்குக் கோட்டாட்சியர்.

இந்தப் பிரிவுகளின் பிறப்பை மறந்துவிட்டு அவற்றைப் புகழ முடியாது. நடந்த குற்றத்துக்குத் தண்டனை தராமல், நடக்கப் போகும் குற்றத்துக்கு ஆளைக் கட்டிப்போடும் யோசனை வெள்ளைக்காரன் காலத்தது. அதன் மிகக் கொடிய வடிவம் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகத்தில் ஆணாகப் பிறந்தவன் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நூத்திப்பத்து மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஒரு ஊரின் ஏழைப் பையன்களின் பெயர்களைக் காவல் நிலையப் பட்டியலில் வைத்திருந்து, திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் முன்னால் மொத்தமாகக் கூப்பிட்டுப் பிணை வாங்கும் வழக்கத்துக்குள் அந்த ரேகை இன்னும் அழியாமல் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதைப் பார்க்காமல் இல்லை. 1970இல் மது லிமாயே வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இப்பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டவை என்று ஏற்றது. ஆனால் அதற்கு ஒரு விலை வைத்தது: தகவல் உண்மையா என்ற விசாரணையைத் தொடங்காமல் இடைக்காலப் பிணைகூட கேட்கக் கூடாது. பின்னர் கேரளத்துச் சிறைவாசி ஒருவரின் கடிதத்தை மனுவாக ஏற்ற கோபாலனாச்சாரி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நூத்திப்பத்து வறியவர்மீதே பாய்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி நடுவர்களை எச்சரித்தார்.

தமிழ்நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகள் மாநகரக் காவல் துணை ஆணையர்களையே நிர்வாக நடுவர்களாக்கின. பிடித்து வருபவரும் விசாரிப்பவரும் ஒரே துறை. 2023 மார்ச்சில் சதீஷ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. 107இன்படி எழுதிய பிணைமுறியை மீறினார் என்று சொல்லி நிர்வாக நடுவரே ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் முடியாது, அந்த விசாரணை நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னது. பாச்சலூருக்குத் துணை ஆணையர் இல்லை. ஆனால் இந்த இரண்டாவது பகுதி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பொருந்தும். ஒரு மனிதனின் உடலைச் சிறைக்குள் வைக்கும் முடிவை வருவாய்த்துறை எடுக்கக் கூடாது என்பது சரியான தீர்ப்பு.

இத்தனைக்குப் பிறகும் நான் 126ஐக் கைவிடச் சொல்லவில்லை. முறைப்படி நடந்தால் அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். கோட்டாட்சியர் முதலில் ஓர் உத்தரவை எழுத வேண்டும். வந்த தகவலின் சாரம் என்ன, எவ்வளவு தொகைக்குப் பிணை, எத்தனை மாதத்துக்கு, எத்தனை ஜாமீன்தாரர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அழைப்பாணையோடு அந்த உத்தரவின் நகலும் அவர் கையில் போய்ச் சேர வேண்டும். அவர் வந்ததும் தகவல் உண்மையா என்று சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அவர் தரப்பு வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆறு மாதத்துக்குள் விசாரணை முடியாவிட்டால், தனிக் காரணம் எழுதி நீட்டித்தாலன்றி, நடவடிக்கை தானாகக் காலாவதியாகும். பிணைத் தொகை அவர் சக்திக்கு மீறியதாக இருக்கக் கூடாது. உண்மை நிரூபணமாகவில்லை என்றால் விடுவிக்க வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய விஷயம் பிணைமுறியில் விழும் கையெழுத்து என்று நான் நினைக்கவில்லை. கடைசி பஸ்ஸில் இறங்கும் அந்தப் பெண் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த நாள், எத்தனை மணி, யார் என்ன சொன்னார் என்று சொல்கிறார். எதிரே அந்தப் பையன் அதைக் கேட்கிறான். அவன் தன் பக்கத்தையும் சொல்கிறான். ஒருவேளை அவன் பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அன்று அவன் தோட்டத்தில் காவலுக்குப் படுத்திருந்திருக்கலாம். அதுவும் அந்த மேசையில்தான் தெரியும். அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பி, வரிசையாக நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பும்போது இந்த இரண்டுமே நடப்பதில்லை. பெண்ணுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, பையனுக்கும் கிடைக்கவில்லை.

குண்டாஸ்

இந்தப் பொறுமையான வேலையை ஒதுக்கிவிட்டு நேரே உச்சிக்குத் தாவும் பழக்கம் தமிழ்நாட்டு நிர்வாகத்துக்கு உண்டு. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், ஊர் வழக்கில் குண்டாஸ். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று தொடங்கி, வனக் குற்றவாளி, மணல் குற்றவாளி, திருட்டு வீடியோ, 2014இல் சைபர் குற்றம், பாலியல் குற்றம் எனப் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. கலெக்டரோ காவல் ஆணையரோ உத்தரவு போட்டால் போதும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். பின்னர் அறிவுரைக் குழுமம். அங்கே வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. 12 மாதம் வரை உள்ளே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில் தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருந்துவருகிறது.

2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மா சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடிய 7 பேர்மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர்மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. நிலத்துக்காகப் போராடியவர்களைக் குண்டர் என்று எழுத முடிந்தது, பிறகு சில நாளில் அழிக்கவும் முடிந்தது. விசாரணை இல்லாத சட்டத்தில் எழுதுவதும் அழிப்பதும் அவ்வளவு சுலபம்.

ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களை வரைந்து காட்டியது. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சிறியது பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தடுப்புக் காவலுக்கு இரண்டாவது வட்டமாவது தொடப்பட வேண்டும். நிழற்குடைத் தகராறு முதல் வட்டத்தைத் தாண்டாது. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கிலும், சாதாரணச் சட்டமே போதும் என்னும் இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறைப் பிழைகளாலேயே குண்டாஸ் உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் வாரந்தோறும் உடைகின்றன. உள்ளே போனவன் சில மாதத்தில் ஊருக்குத் திரும்புகிறான். போனபோது அவன் குடித்துவிட்டுச் சத்தம் போட்டவன். வரும்போது சிறையில் பழகிய பெரிய கைகளின் அறிமுகத்தோடு வருகிறான். ஊருக்கு என்ன கிடைத்தது?

யாருமே பேசாத பிரிவு

நம் நிழற்குடைக்கு மிகவும் பொருந்துவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. பழைய சட்டத்தின் 133. பொதுப் பாதை, பொது இடம், ஆறு, வாய்க்கால் ஆகியவற்றில் உள்ள தடையையோ தொல்லையையோ நீக்கச் சொல்லியும், ஊராரின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ சொல்லியும் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம். போலீஸ் அறிக்கை வேண்டும் என்பதில்லை. பிற தகவலின் பேரிலும் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவு பெற்றவர் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வந்து காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டினால் சாட்சி விசாரணை. தேவைப்பட்டால் நேரில் போய்ப் பார்க்கவும் நிபுணரை அனுப்பவும் வழி உண்டு. புதிய சட்டம் இந்த விசாரணையை 90 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. காரணம் எழுதி 120 நாள் வரை நீட்டலாம். பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லை. அவசரமென்றால் இடையிலேயே தடையாணை. ஒருமுறை தீர்ந்த தொல்லை மீண்டும் தலைதூக்காமல் தடுக்க 162. அந்தத் தடையை மீறித் தொல்லையைத் தொடர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அதை விதிப்பது நீதிமன்றம்.

இந்தப் பிரிவின் பலம், அது ஆளைவிட இடத்தைப் பார்க்கிறது என்பது. நிழற்குடையில் குடிக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு இரவில் கள்ளத்தனமாகப் பாட்டில் விற்கும் கடை ஒன்று பக்கத்தில் இருந்தால், அந்தத் தொழில்மீது உத்தரவு போடலாம். விளக்கு எரியாத இடமென்றால் ஊராட்சிமீதும் போடலாம் என்பது என் வாசிப்பு. இதற்குத் துணை 1980ஆம் ஆண்டின் ரத்லாம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் ஒரு தெருக்காரர்கள், திறந்த சாக்கடையையும் மதுத் தொழிற்சாலைக் கழிவையும் பொறுக்க முடியாமல் 133இன்கீழ் நடுவரிடம் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. தெருவில் மலம் கழித்த குடிசைவாசிகளைத் தண்டிக்காமல், அவர்களுக்குக் கழிப்பறை கட்டித் தராத நகராட்சியை வேலை செய்ய வைத்தார். தொல்லை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கும் கண் அது.

ஒரு வரம்பு உண்டு. இரண்டு வீட்டுக்காரர்களின் சொந்தத் தகராறை 152க்குள் கொண்டுவர முடியாது. தொல்லை பொதுவானதாக இருக்க வேண்டும். பாதை பொதுப்பாதையே அல்ல என்று எதிர்த்தரப்பு நம்பத்தக்க சான்றோடு மறுத்தால், சிவில் கோர்ட் தீர்மானிக்கும் வரை நடுவர் நிறுத்திவைக்க வேண்டும். அப்போது வழி கொடைக்கானல் முன்சீப் கோர்ட். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவில், பொதுத் தொல்லைக்கு எதிராக இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடரலாம். தனக்குத் தனிப்பட்ட நஷ்டம் வந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனாலும் சிவில் வழக்கு நாட்களைத் தின்னும். மலையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர வேண்டும் என்பதால் இதை நான் இரண்டாவதாகவே வைக்கிறேன்.

மலைகளில் இப்படி இடத்தைப் பார்த்து எடுத்த நடவடிக்கை பலன் தந்ததற்குப் பெரிய உதாரணம் காலி பாட்டில். காட்டுக்குள்ளும் சாலையோரமும் உடைத்துப் போடும் பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன. பாட்டில் போடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்க எந்த மாவட்டப் போலீசாலும் முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பாட்டில்களைத் திரும்பப் பெற ஒரு திட்டம் வேண்டும் என்றது. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் தரத் தொடங்கின. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போனது. யாரும் கைதாகவில்லை, யார் பெயரும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும் உயர் நீதிமன்ற உத்தரவால்தான். நீதிமன்றம் தனி ஆளைத் தேடிக்கொண்டிருக்காமல், தொல்லை உற்பத்தியாகும் இடத்தில் கை வைத்தது.

உயர் நீதிமன்றம் மொத்த மலைக்கும் செய்ததை, ஒரு நிழற்குடைக்குச் செய்யும் அதிகாரம் கோட்டாட்சியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அவர் அடிக்கடி எடுப்பதில்லை. காரணமும் தெரிந்ததே. கோட்டாட்சியருக்கு நிலம், சான்றிதழ், தேர்தல், நிவாரணம் என்று நூறு வேலை. விசாரணை நடத்துவது அதில் கடைசி. அவர் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்க, சாட்சிகள் பாச்சலூரிலிருந்து வர வேண்டும். நடுவர் எந்த இடத்திலும் விசாரணை அமரலாம். மாதம் ஒரு நாள் பாச்சலூரிலோ தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ கோட்டாட்சியர் அமர்ந்து 126, 152 விசாரணைகளை நடத்தினால், சாட்சி சொல்ல வருகிறவருக்கு அரை நாள் கூலியாவது மிஞ்சும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். கலெக்டரின் ஒரு சுற்றறிக்கை போதும். மாவட்ட நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் இதுதான்.

ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் ஆட்களின் பெயரை எழுதாமல், இடத்தை எழுதித் தீர்மானம் போடுங்கள். எந்த நிழற்குடை, எந்தப் பாதை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தத் தேதிகளில் என்ன நடந்தது, விளக்கு எரிகிறதா என்று எழுதுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலை இணைத்து, 152ஆம் பிரிவின்கீழ் நிபந்தனை உத்தரவு கேட்டுக் கொடைக்கானல் கோட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் மட்டும் பஸ் ஏறாதீர்கள்.